யாதவகிரியின் இரட்டைக் குழல் வண்டிகள்

சிலிண்டர் ஒன்று, புகைக்குழல் இரண்டு. மைசூரின் யாதவகிரியில் 1961 முதல் உற்பத்தியான ஜாவா மோட்டார் சைக்கிளை முதன்முறை பார்ப்பவர்கள் இரண்டாவது குழல் எதற்கு என்றே கேட்பார்கள். 250 சி.சி. கொண்ட அந்த ஒற்றை சிலிண்டரின் முன்புறத்திலிருந்து எரிந்த வாயு இரு கிளைகளாகப் பிரிந்து, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாகப் படுத்திருக்கும் இரு சைலன்சர்கள் வழியே வெளியேறும். ஜாவாவுக்கும் அதன் வழித்தோன்றலான யெஸ்டிக்கும் உரிய அந்தத் துடிப்பொலியில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. தெருமுனையில் வண்டி திரும்புவதற்கு முன்பே வருவது யார் என்று வீட்டிலிருப்போர் அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது.

அந்த வண்டிகளில் மூத்தவை இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டன. அவற்றில் இன்னும் சாலையில் ஓடுபவை எப்படி ஓடுகின்றன, யாரால் ஓடுகின்றன, இன்னும் எத்தனை காலம் ஓட விடப்படும் என்பவை வண்டிப் பித்தர்களின் கேள்விகளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சுதந்திர இந்தியாவின் தொழில் வரலாற்றில் ஆலைக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு பகுதி அவற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

கதை ப்ராக் நகரில் தொடங்குகிறது. ஆயுத உற்பத்தியாளரான ஃபிரான்டிஷெக் யானெச்செக், 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வடிவமைப்பை விலைக்கு வாங்கினார். தம் பெயரின் முதலிரு எழுத்துகளையும் வாண்டரரின் முதலிரு எழுத்துகளையும் சேர்த்து நிறுவனத்துக்குப் பெயரிட்டார். செக் மொழியில் அதன் ஒலிப்பு ‘யாவா’ என்பதே. இந்தியாவுக்கு வந்து அது ‘ஜாவா’ ஆயிற்று. நாஜி ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியருக்கான வேலைகளின் மறைவில் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் இரகசியமாக ஒரு 250 சி.சி. வண்டியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். போர் முடிந்தபின் 1946இல் வெளிவந்த அவ்வண்டி, பின்சக்கரத்துக்கும் சுருள்வில் பொருத்தப்பட்டிருந்ததால் ‘பெராக்’ என அழைக்கப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலத்து ப்ராகில் கூரைக்குக் கூரை தாவி ஜெர்மானியருக்குப் போக்குக் காட்டியதாக மக்கள் கதைகட்டிய ‘வில்மனித’னின் பெயரும் அதுவே. மைசூரில் பின்னர் செய்யப்பட்ட ஜாவா, அந்தப் பெராக்கின் அடுத்த தலைமுறை.

போருக்குப் பின் நாட்டுடைமையாகிவிட்ட ஒரு கம்யூனிச நாட்டுத் தொழிற்சாலையின் வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் பம்பாயைச் சேர்ந்த ஜொராஸ்ட்ரிய வணிகர்கள் என்பது இந்த வரலாற்றின் சுவையான முரண். ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் 1950களில் ஐடியல் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஜாவாவை இறக்குமதி செய்து விற்றுவந்தனர். முழு வண்டிகளின் இறக்குமதியை அரசு இறுக்கியபோது, உரிமம் பெற்று இங்கேயே உற்பத்தி செய்வதே எஞ்சிய வழியாக இருந்தது. 1960இல் ஐடியல் ஜாவா நிறுவனம் மைசூரில் அமைந்தது. அப்போதைய மைசூர் மாநில ஆளுநரும் முன்னாள் மகாராஜாவுமான ஜெயசாமராஜ உடையார் ஆலையைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே வண்டிகள் வெளிவரத் தொடங்கின.

அக்காலத்து இந்தியாவில் மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தவருக்கு முன்னிருந்த தேர்வு மிகக் குறுகியது. சென்னைத் திருவொற்றியூரில் ஆங்கிலேய மரபின் புல்லட். மைசூரில் செக் மரபின் ஜாவா. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து வடிவமைப்பைக் கொண்டு செய்த ராஜ்தூத். மூன்றில் இரண்டு சோவியத் அணி நாடுகளிலிருந்து வந்தவை. இதைத் தற்செயல் என்று கொள்வது பொருந்தாது. ராஞ்சியின் கனரகப் பொறியியல் ஆலைக்கும், திருச்சிராப்பள்ளியில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலைக்கும் செக்கோஸ்லோவாக்கியா தொழில்நுட்பத் துணை நின்ற காலம் அது. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய ஒரு நாடும், மேற்கத்தியச் சந்தைக்கு வெளியே வாங்குவோரைத் தேடிய ஒரு நாடும் சந்தித்த இடத்தில் கொதிகலனும் பிறந்தது, மோட்டார் சைக்கிளும் பிறந்தது. முன்னது பொதுத்துறை வரலாறுகளில் எழுதப்பட்டுவிட்டது. பின்னதைத் தனியார் வணிகம் என்று தொழில் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விட்டனர்.

1973 முதல் வண்டியின் பெயர் யெஸ்டி ஆயிற்று. பெயர்க்காரணமாக இரண்டு சொல்லப்படுவதுண்டு. பம்பாய் இரானியரில் பலருடைய பூர்வீகம் பாரசீகத்தின் யஸ்த் நகரம் என்பது ஒன்று. செக் மொழியில் ‘யெஸ்தீ’ என்றால் ‘ஓட்டுகிறான்’ என்று பொருள் என்பது மற்றொன்று. முதலாவதே வலுவானதாகத் தோன்றுகிறது. ஆயினும் இரண்டும் ஒரே சொல்லில் வந்து பொருந்தியது, அந்த வண்டியின் இரட்டைப் பிறப்பைப் பார்க்கும்போது, அழகான விபத்து என்றே கொள்ளலாம்.

இவ்வண்டியை ஓட்டக் கற்பது ஒரு தனிப் பயிற்சி. இடப்பக்கத்தில் ஒரே ஒரு நெம்புகோல்தான் உண்டு. அதை உள்ளே அழுத்தி மேல்நோக்கித் திருப்பினால் உதைத்துக் கிளப்பும் கிக்கர். திரும்பப் படுக்கவைத்தால் அதுவே கியர் லீவர். கியர் மாற்றக் காலால் அழுத்தும்போது கிளச்சும் தானே விடுபடும். கையால் பிடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் பிடிக்காமலே ஓட்டிப் பழகியவர்கள் வேறு வண்டிக்கு மாறும்போது பட்ட பாட்டைப் பழைய மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தொடக்ககால வண்டிகளின் மின்னமைப்பு 6 வோல்ட். முகப்பு விளக்கின் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் இரவுப் பயணம் என்பது சாலையைப் பார்த்து ஓட்டுவதைவிட நினைவில் வைத்து ஓட்டுவதாகவே இருந்தது.

மலைப்பாதை இறக்கத்தில்தான் இந்த இயந்திரம் தன் இயல்பை முழுதாகக் காட்டும். இரு வீச்சு எஞ்சினில் உயவு எண்ணெய்க்குத் தனி இருப்பிடம் இல்லை. பெட்ரோலிலேயே லிட்டருக்குச் சுமார் 40 மில்லி எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவைதான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துக்கொண்டு மேலேறி எரிகிறது. ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சமதளத்தில் இதனால் கேடில்லை. ஆனால் உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில், சிறு கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை முற்றிலும் மூடிக்கொண்டு இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டே எண்ணெயின்றிக் காயும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். புல்லட் ஓட்டியவர் இறக்கத்தில் எஞ்சினை நம்பலாம். ஜாவா ஓட்டியவர் பிரேக்கையும் தம் காதையும் நம்பியாக வேண்டும். ஆகவே அனுபவசாலிகள் இறக்கத்தில் இடையிடையே ஆக்ஸிலேட்டரைச் சிறிது முறுக்கி விடுவார்கள். இடக்கை விரல்கள் கிளச்சின் மேலேயே இருக்கும். எஞ்சினின் ஒலி ஒரு நொடி இறுகினால்கூட கிளச்சைப் பிடித்துவிட வேண்டும். மைசூருக்கும் நீலகிரிக்கும் இடையே இவ்வண்டிகளில் போய்வந்த தலைமுறை இந்தப் பாடத்தைக் கையேட்டில் படித்து அறிந்ததில்லை. ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு அறிந்ததே மிகுதி.

1978இல் வந்த ரோட்கிங், நெடுந்தொலைவுக்கும் விரைவுக்கும் ஒருசேர ஆசைப்பட்டவர்களுக்கான வண்டி. 16 குதிரைத்திறன், செக் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளை நினைவூட்டும் தோற்றம், பழைய ஜாவாவின் 16 அங்குலச் சக்கரங்களைவிடப் பெரிய சக்கரங்கள். இன்றைய கணக்கில் இந்த எண்கள் அற்பமானவை. அன்றைய கணக்கு வேறு: சாலையில் பெரும்பான்மை ஸ்கூட்டர்கள், ஸ்கூட்டருக்கே ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்த காலம். சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஜாவாவும் யெஸ்டியும் புல்லட்டோடு மோதின. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஓட்டிச்சென்ற அதே வகை வண்டி பந்தயத்தில் ஓடுவதைப் பார்த்த பெருமிதம் அன்றைய இளைஞர்களுக்கு இருந்தது. தேர்வு குறுகியிருந்த காலத்தின் ஏழ்மை அது என்று சொல்லிவிடலாம். பார்வையாளனுக்கும் பந்தயக்காரனுக்கும் இடையே அவ்வளவு சிறிய இடைவெளி இருந்த காலம் பிறகு திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீழ்ச்சி 1980களின் நடுவில் தொடங்கியது. 1984இல் இந்த்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானியக் கூட்டில் பிறந்த 100 சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட நான்கு வீச்சு ஹோண்டாவுக்கு முன், எண்ணெய் கலந்து ஊற்றி, பிளக்கைத் துடைத்து, சைலன்சரின் உட்குழலை உருவிக் கரியைச் சுரண்டி வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வண்டி நடுத்தரக் குடும்பத்தின் கணக்கேட்டில் தோற்றது. 1990களில் வந்த புகை விதிகள் இரு வீச்சு எஞ்சினின் கழுத்தை மேலும் நெரித்தன. தொழிலாளர் சிக்கல்கள், நிர்வாகம் புதிய வடிவமைப்பில் முதலிடத் தவறியது என்று வேறு காரணங்களும் அடுக்கப்படுவதுண்டு. கடைசிக் காரணத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். அடிப்படையில் 1950களின் எஞ்சின் ஒன்றைச் சிறுசிறு திருத்தங்களோடு 35 ஆண்டுகள் செய்துகொண்டிருந்த நிறுவனத்தைக் காத்தது மூடிய சந்தைதான். சந்தை திறந்ததும் அந்தக் காப்பு போயிற்று. 1996இல் யாதவகிரி ஆலை மூடப்பட்டது. நிறுவனம் பின்னர் கலைப்புக்கு உள்ளாகி, அதன் சொத்துகள் நீதிமன்றத்தின் அதிகாரபூர்வக் கலைப்பாளர் வசம் சென்றன. தங்களுக்கு வரவேண்டிய பாக்கிக்காகக் காத்திருந்த தொழிலாளர்களின் கதை, வண்டியைக் கொண்டாடும் எழுத்துகளில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை.

ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் வண்டிகளும் பத்து ஆண்டுகளில் காயலான் கடைக்குப் போய்ச்சேர்வதே வழக்கம். ஜாவாவுக்கும் யெஸ்டிக்கும் அது நேரவில்லை. காரணம் அந்த எஞ்சினின் எளிமையிலேயே இருந்தது. வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, எண்ணெய்ப் பம்பு இல்லை. சாலையோரத்து மெக்கானிக் ஒருவர் மர நிழலில் உட்கார்ந்து ஒரே பகலில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிவிட முடியும். சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஆலையில் வேலைபார்த்தவர்கள் சிலர் மைசூரிலேயே சிறு பட்டறைகள் வைத்துக்கொண்டனர். பாயிண்ட் இடைவெளியைச் சிகரெட் அட்டையின் தடிமனால் அளப்பது, கிராங்க் ஆயில் சீல் கிழிந்திருப்பதைப் புகையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு சொல்வது போன்ற அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆலை விட்டுச்சென்ற வரைபடங்களைவிட இந்தக் கையறிவே வண்டிகளை 30 ஆண்டுகளாக ஓடவைத்திருக்கிறது.

ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று பெங்களூரு உள்ளிட்ட பல நகரங்களில் ஜாவா நாள் கொண்டாடப்படும்போது மெருகேற்றிய வண்டிகள் நூற்றுக்கணக்கில் அணிவகுக்கின்றன. அந்தப் படங்களில் வண்டிக்காரர்கள் இருப்பார்கள். மெக்கானிக்குகள் அநேகமாக இருப்பதில்லை. அவர்களில் பலர் முதுமையடைந்துவிட்டனர். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டனர். உதிரிபாகங்கள் மறுபடி வார்க்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் நல்லதையும் போலியையும் பிரித்தறியும் விரல்கள்தான் குறைந்துகொண்டே போகின்றன.

புதுப்பித்தல் என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஐம்பது ஆண்டுப் பெயிண்டைச் சுரண்டியெடுத்து, தொட்டியின் பக்கங்களுக்குக் கண்கூசும் குரோம் பூசி, வரவேற்பறையில் நிறுத்திவைப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அதில் தவறில்லை என்றாலும், தேய்ந்த ஃபுட்ரெஸ்ட்டும் முழங்கால் உரசி மங்கிய தொட்டியும் ஓர் ஆவணம் என்பதைப் புதுப்பிப்போர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஓடாமல் நிற்கும் இரு வீச்சு எஞ்சினில் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். இந்த வண்டியைப் பொறுத்தவரை ஓட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

சட்டம் இடறும் இடம் இதுவே. சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் முதல் மோட்டார் சைக்கிளின் புதுப்பித்தல் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. தில்லித் தலைநகர் வட்டாரத்திலோ 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. காற்றின் நிலையை எண்ணினால் அந்த ஆணையின் நியாயத்தை மறுக்க இயலாது. இரு வீச்சு எஞ்சின் எரியாத எரிபொருளையும் எண்ணெயையும் புகையோடு வெளியே தள்ளும் என்பதை அதன் காதலர்களும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இதற்கு மறுபுறமாக 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கென விதிகள் வகுத்தது. முதற்பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய வண்டிகளுக்குக் கிடைத்த முதல் சட்ட அங்கீகாரம் என்று இது வரவேற்கப்பட்டது. ஆனால் அந்த அங்கீகாரத்தோடு ஒரு கட்டும் வருகிறது: விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்குச் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி. மைசூரிலிருந்து உதகைக்கு ஒரு ஞாயிறு போய்வருவது அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் விநோதமானது. தொட்டியில் ஜாவா என்ற பெயரோடு வந்த 1960களின் வண்டிகள் இன்று விண்டேஜ் தகுதி பெற்றவை. 1978இன் முதல் ரோட்கிங்குக்கு அந்தத் தகுதி 2028இல்தான் வரும். 1996இல் ஆலையைவிட்டு வெளிவந்த கடைசி வண்டிக்கு 2046இல். அதுவரை அவை சட்டத்தின் பார்வையில் வெறும் பழைய வண்டிகள். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் தம் தகுதியை நிரூபித்தாக வேண்டியவை. நாற்பது வயதில் காயலான் கடைக்கு உரியதாகவும் ஐம்பது வயதில் பாரம்பரியச் சின்னமாகவும் ஒரே பொருள் கருதப்படுமானால், இடைப்பட்ட பத்தாண்டுகளை அது யாருடைய தயவில் கடப்பது? இப்போதைய விடை, ஆர்.சி. புத்தகத்தையும் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு போக்குவரத்து அலுவலகப் படியேறும் தனிமனிதர்களின் பிடிவாதம் என்பதே. ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கென ஒரு நடுவழிப் பதிவை வகுப்பது அரசுக்குப் பெரிய காரியமாக இராது. கேட்பவர்கள் சிலரே என்பதுதான் தடை.

இதற்கிடையில் பெயர்கள் மறுபிறவி எடுத்தன. மஹிந்திராவின் ஆதரவோடு அமைந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும் 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவை நான்கு வீச்சு, நீர்க்குளிர்ச்சி எஞ்சின்கள் கொண்டவை. செய்யப்படுவது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். புதிய ஜாவாவிலும் சிலிண்டர் ஒன்றுதான், சைலன்சர்கள் இரண்டு. ஒரு காலத்தின் பொறியியல் மரபு இங்கே நினைவுச் சின்னமாகிவிட்டது. யெஸ்டி என்ற பெயர் யாருக்கு உரியது என்பது வழக்காயிற்று. கலைப்பிலிருக்கும் பழைய நிறுவனத்துக்கே அது உரியது என்று 2022 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார், மேல்முறையீடு தொடர்ந்தது. 1996இல் மூடப்பட்ட ஆலையின் எஞ்சிய சொத்துகளில் இவ்வளவு கடுமையாகப் போட்டியிடத் தக்கதாக ஐந்தெழுத்துப் பெயர் ஒன்று இருந்தது என்பதை ஆலை மூடப்பட்ட நாளில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயருக்கு இருபதாண்டுகள் மதிப்புக் குன்றாமல் காத்தவர்கள் வழக்கின் எந்தத் தரப்பிலும் இல்லை. அவர்கள் பட்டறைகளில் இருந்தார்கள்.

பெட்ரோல் பங்குகளில் முன்பு கையால் அழுத்தி இரு வீச்சு எண்ணெய் அளந்து ஊற்றும் சிறு கருவி ஒன்று நின்றிருக்கும். எத்தனை லிட்டர் என்று சொன்னால் போதும். ஊழியரே கணக்குப் பார்த்து எண்ணெயை முதலில் விட்டு, பெட்ரோலைப் பின்னால் ஊற்றுவார். கலக்கம் தானாக நிகழும். இரு வீச்சு வண்டிகள் அருகியபின் பெரும்பாலான பங்குகளிலிருந்து அந்தக் கருவி அகற்றப்பட்டுவிட்டது. இன்று யெஸ்டியில் நெடும்பயணம் கிளம்புபவர் எண்ணெய்ப் புட்டியையும், 40 மில்லிக்குக் கோடு போட்ட ஒரு மூடியையும் பக்கப்பெட்டியில் எடுத்துச்செல்கிறார். பங்கில் தொட்டியைத் திறந்து அவர் அளந்து ஊற்றும்போது, பெட்ரோல் போடும் இளைஞர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: அண்ணா, பெட்ரோல்ல எதுக்கு எண்ணெய் ஊத்துறீங்க?